கேள்வி – பதில்: மன்னாரில் தட்டை மீன் பண்ணை போடலாமா?

கேள்வி: என் அண்ணன் கொரியாவின் ஜேஜு தீவில் தட்டை மீன் பண்ணையில் வேலை செய்கிறார். நல்ல காசு வருகிற தொழில், ஊரிலும் தொடங்கலாம் என்கிறார். கடலோரம் எங்களுக்கு ஒரு ஏக்கர் காணி இருக்கிறது. செய்யலாமா?
– வாசகர், மன்னார்

பதில்: தம்பி, நானும் அதே தீவில் நாலு வருடம் பத்து மாதம் அந்த மீனுக்குத் தீன் போட்டவன். அங்கே அதற்குப் பெயர் குவாங்-ஒ. நம் நாக்கு மீனின் சொந்தக்காரன்தான், ஆனால் உடம்பு அகலம்.

அண்ணன் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தக் காசு மீனில் பாதி, தண்ணீரில் பாதி. ஜேஜு எரிமலைத் தீவு. நிலத்துக்கடியில் உப்புத் தண்ணீர் ஊறுகிறது, வருடம் முழுக்க 17, 18 பாகை செல்சியஸில். வெளியே பனி கொட்டும் காலத்தில் தொட்டிக்குள் இறங்கினால் கால் சுடுகிற மாதிரி இருக்கும். அந்த மீன் 20 பாகையை ஒட்டிய தண்ணீரில்தான் நன்றாக வளரும். நம் கடல் வருடத்தில் பெரும்பகுதி 28ஐச் சுற்றியே நிற்கிறது. அங்கேயே, கடல் தண்ணீரையும் கலந்து எடுக்கும் பண்ணைகளில், ஓகஸ்ட்டில் கடல் சூடானால் முதலாளிக்கு நித்திரை இல்லை. காலையில் போனால் நடு வடிகாலைச் சுற்றி வெள்ளை வயிறு மேலே தெரியக் கிடக்கும். கூடையில் அள்ளியிருக்கிறேன். தண்ணீரைக் குளிராக்கலாமே என்று கேட்பீர்கள். இராப்பகலாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டிய தொட்டி அது. கறண்ட் பில்லிலேயே காணி போய்விடும்.

அடுத்தது நோய். தட்டை மீன் நீந்தித் திரியாது. ஒன்றின் மேல் ஒன்றாக ரொட்டி அடுக்கியதுபோல் படுத்திருக்கும், ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். குஞ்சுப் பருவத்தில் ஒவ்வொன்றையும் கையில் பிடித்து ஊசி போடுவோம். மருந்தை அள்ளிப்போட்டுத் தப்பலாம் என்றால், சீனாவில் நடந்ததைப் பாருங்கள். 2006இல் ஷாங்ஹாயில் விற்ற டர்பட் தட்டை மீனில் தடைசெய்த மருந்து இருப்பது தெரியவந்து, விலை ஒரேயடியாக விழுந்தது.

பிறகு சந்தை. குவாங்-ஒ ஒரு கிலோ வர ஒரு வருடமாவது வேண்டும். கொரியாக்காரர் அதை உயிரோடு வாங்கி, பச்சையாகச் சீவிச் சாப்பிடுவதால்தான் அந்த விலை. தண்ணீர்த் தொட்டி பூட்டிய லொறியில் துடிக்கத் துடிக்கப் போகும். நம் வீட்டில் நாக்கு மீன் வந்தால் பொரியல், அவ்வளவுதான். பொரிக்கிற மீனுக்கு அந்த விலை யார் தருவார்?

நம் கடலிலேயே எருமை நாக்கு இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். (அதன் அறிவியல் பெயரிலும் ‘எருமெய்’ என்றே இருக்கிறது!) நல்ல மீன்தான், சூட்டையும் தாங்கும். ஆனால் அதற்குக் குஞ்சு பொரித்து விற்கும் இடம் ஒன்றையும் நான் கண்டதில்லை. தட்டை மீன் குஞ்சு சாதாரண மீன் போல இரு பக்கமும் கண்ணோடுதான் பிறக்கும். சில வாரத்தில் ஒரு கண் மெல்ல ஊர்ந்து மறுபக்கம் போகும். அந்த நாட்களில் தீனில் குறை வந்தால் நிறம் கெட்டு, முதுகில் வெள்ளைத் திட்டோடு வளரும். அதை வியாபாரி தள்ளிவிட்டுப் போவார்.

காணியை வைத்துக்கொள்ளுங்கள். கொடுவா பற்றி விசாரியுங்கள், அது நம் சூட்டுக்குப் பழகிய மீன். கடலட்டை என்றால் உங்கள் பக்கத்திலேயே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அண்ணன் விடுமுறையில் வந்தால் ஓகஸ்ட் மாதக் கதையை மட்டும் கேட்டுப் பாருங்கள்.