பழைய பில்லை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

கேள்வி: வணக்கமுங்க. 2017-லிருந்து மரச்செக்கு எண்ணெய் ஆட்டி, எங்கள் அம்மிச்சி பெயரையே வைத்து விற்கிறோம். எங்களிடம் சரக்கெடுத்துக்கொண்டிருந்த பெருந்துறை டீலர் ஒருவர் இப்போது அதே பச்சை லேபிள், அதே செக்குப் படம் போட்டு, பெயரில் ஒரே ஒரு எழுத்தை மட்டும் மாற்றிச் சொந்தமாக விற்கிறார். கேட்டால், "டிரேட்மார்க் நான் வாங்கிட்டா நீங்க விக்கவே முடியாதுங்க" என்கிறார். ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்பு உரிமம் எல்லாம் எங்களிடம் இருக்கிறதே, அது போதாதா? – வாசகி, காங்கேயம்

பதில்: போதாதுங்க. ஜிஎஸ்டி வரி கட்டுவதற்கு, உணவு உரிமம் உணவு விற்பதற்கு. இரண்டுமே பெயருக்கு உரிமை தராது. கம்பெனியாகப் பதிந்திருந்தாலும் இதே கதைதான்.

ஆனால் அவர் மிரட்டுவதற்குப் பயப்பட வேண்டாம். 1999-ஆம் வருட வணிகச் சின்னச் (டிரேட்மார்க்) சட்டத்தில் 34-ஆம் பிரிவு உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. அவர் விற்க ஆரம்பித்ததற்கும் விண்ணப்பம் போட்டதற்கும் முன்பிருந்தே நீங்கள் அந்தப் பெயரில் தொடர்ந்து விற்று வந்தீர்கள் என்று காட்டிவிட்டால், அவர் கையில் சர்டிபிகேட்டே இருந்தாலும் உங்கள் விற்பனையை நிறுத்த முடியாது. காட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. 2017-ல் லேபிள் அடித்த அச்சகத்து பில், பெயர் போட்ட பழைய பில் புத்தகம், லாரி ஆபீஸ் ரசீது, உள்ளூர்ப் பேப்பரில் கொடுத்த விளம்பரம் என்று எது கிடைத்தாலும் எடுத்து ஒரு ஃபைலில் போடுங்கள். வருஷக் கணக்கு முடிந்ததும் பழைய புத்தகத்தை எடைக்குப் போடும் வழக்கம் நம் கடைகளில் உண்டு, தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

அடுத்து, இந்த வாரமே விண்ணப்பம் போடுங்கள். விண்ணப்பத்துக்கான டிஎம்-ஏ படிவத்தில், எந்தத் தேதியிலிருந்து பெயரைப் பயன்படுத்துகிறீர்கள் என்று ஒரு இடம் வரும். அவசரத்தில் பலர் அங்கே 'இனிமேல்தான் பயன்படுத்தப்போகிறோம்' என்று போட்டுவிடுகிறார்கள், உங்கள் இத்தனை வருஷ உழைப்பும் விண்ணப்பத்தில் இல்லாமலே போய்விடும். உண்மையான தேதியைப் போட்டு, பிரமாணப் பத்திரத்தோடு அந்த பில்களையும் சேர்த்துக் கொடுங்கள். பில்லில் யார் பெயர் உரிமையாளராக இருக்கிறதோ அவர் பெயரிலேயே விண்ணப்பமும் போகட்டும். பில் கணவர் பெயரில், விண்ணப்பம் மகன் பெயரில் என்றால் பின்னால் விளக்கம் சொல்லி மாளாது.

பொருள்களை மொத்தம் 45 வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். சமையல் எண்ணெய் 29. அதே தேங்காய் எண்ணெயைத் தலைக்குத் தேய்க்க என்று விற்றால் 3. புண்ணாக்கையும் இதே பெயரில் மாட்டுத் தீவனமாகக் கொடுத்தால் 31. தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைனில் வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. முதலில் பெயரை மட்டும் எழுத்தாகப் பதியுங்கள், லேபிளைத் தனியாக இன்னொரு விண்ணப்பமாகப் போடலாம்.

ஆய்வு அறிக்கையில் ஆட்சேபம் வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் போட வேண்டும். நிறையப் பேர் மெயிலைப் பார்க்காமலே கோட்டை விடுகிறார்கள். பிறகு பதிவகம் நடத்தும் வணிகச் சின்ன இதழில் வெளியாகும், நாலு மாதத்துக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் பதிவாகிவிடும். விண்ணப்பித்த தேதியிலிருந்து பத்து வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிக்கலாம்.

அந்த டீலர் ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கிறாரா என்று வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் இன்றே தேடுங்கள், இலவசம்தான். ஒரு எழுத்து மாறினாலும் ஒலி ஒன்றுதான் என்பதால் ஒலி ஒப்புமைத் தேடலையும் போட்டுப் பாருங்கள். அவருடையது இதழில் வந்திருந்தால் அதே நாலு மாதக் கெடு உங்களுக்கும் இருக்கிறது, எதிர்ப்பு மனு போடலாம். பதிவே ஆகியிருந்தாலும் நீக்கச் சொல்லி மனு செய்யலாம். உங்கள் பெயரை நம்பி வாங்குகிறவர்களை ஏமாற்றி அவர் சரக்கை விற்பதை நிறுத்த, பதிவு இல்லாமலும் வழக்குப் போட முடியும். ஒரு நல்ல வக்கீலிடம் சொல்லி முதலில் நோட்டீஸ் அனுப்புங்கள்.

கேள்வி: என் மஞ்சள்தூளுக்கு 'ஈரோடு மஞ்சள்' என்றே பதிவு செய்யலாமா? – வாசகர், ஈரோடு

பதில்: முடியாதுங்க. ஊர்ப் பெயரும் பொருள் பெயரும் சேர்ந்தது ஒருவருக்கு மட்டும் சொந்தமாகாது, வணிகச் சின்னச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் ஆட்சேபம் வந்துவிடும். அதோடு, ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பவானி ஜமக்காளம் மாதிரி அது ஊருக்கே உரியது. நீங்கள் அங்கே விளைவிக்கிறவர் என்றால் அங்கீகரிக்கப்பட்ட பயனாளியாகச் சேர்ந்துகொள்ளலாம், அதை நிச்சயம் செய்யுங்கள். பிராண்டுக்கு வேறு எங்கும் இல்லாத ஒரு பெயரை யோசித்து, 30-ஆம் வகுப்பில் போடுங்கள்.

கேள்வி: பனியன் டப்பாவில் வட்டத்துக்குள் 'ஆர்' போட்டிருக்கிறோம். விண்ணப்பம் போட்டாயிற்று, இன்னும் சர்டிபிகேட் வரவில்லை. பரவாயில்லையா? – வாசகர், திருப்பூர்

பதில்: உடனே எடுத்துவிடுங்கள். பதிவாகாத பெயருக்கு அந்தக் குறியைப் போடக் கூடாது என்று வணிகச் சின்னச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு சொல்கிறது. 'டிஎம்' என்று போடுங்கள், அதற்குத் தடையில்லை. ஏற்றுமதியும் செய்கிறீர்கள் என்றால், இந்தியப் பதிவு இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். வணிகச் சின்னங்களுக்கான மாட்ரிட் நெறிமுறையில் இந்தியா 2013-ல் சேர்ந்துவிட்டதால், சரக்கு போகும் நாடுகளைக் குறித்து இங்கிருந்தே ஒரே விண்ணப்பமாகப் போட முடியும்.