புல்வெளிக்கு வசூல் வருகிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் ஒரு சின்ன கிராமத்தில் பதினோரு வருடமாக இருக்கிறோம். ஊருக்கு நடுவில் ஒரு பெரிய புல்வெளி, என் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான் விளையாடி வளர்ந்தார்கள். நிலத்துக்காரர் அதை விற்கப் போகிறாராம், வீடுகள் வரப் போகின்றனவாம். பணம் திரட்டி நாமே வாங்கிவிடலாம் என்று ஊர்க்காரர்கள் வீடு வீடாக வருகிறார்கள். என் கணவரோ, "நாளைக்கே வேலை மாறி வேற ஊருக்குப் போயிட்டா? நமக்கெதுக்கு இந்த வம்பு" என்கிறார். கொடுக்கலாமா? கொடுத்தால் அந்தப் பணம் என்ன ஆகும்?

பதில்: அந்தப் புல்வெளியில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து நின்ற பிள்ளைகளிடம், அது நமக்கெதுக்கு என்று அவர் ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டும். அது ஒரு பக்கம். பணத்தைப் பற்றி அவர் யோசிப்பது சரிதான், நானும் உடனே கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

வசூலுக்கு வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, நிலத்துக்காரர் உங்களுக்கு விற்கச் சம்மதித்து எழுத்தில் கொடுத்திருக்கிறாரா என்பது. 1875 வாக்கில் லண்டனில் ஆக்டேவியா ஹில் என்ற அம்மையார் ஸ்விஸ் காட்டேஜ் பக்கம் இருந்த வயல்வெளிகளைக் காப்பாற்ற வசூலில் இறங்கினார். பத்தாயிரம் பவுண்டு தேவை, சில வாரங்களிலேயே அதில் பெரும்பகுதி சேர்ந்துவிட்டது. கடைசியில் நிலத்துக்காரர்கள் மனம் மாறிவிட, வயல் போய் அங்கே தெருவும் வீடுகளும் வந்தன. பணம் இருந்தும் நிலம் கிடைக்கவில்லை. (அவர் சும்மா இருந்துவிடவில்லை. இயற்கை நிலங்களையும் பழைய கட்டடங்களையும் வாங்கிப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பை 1895-இல் தொடங்கிய மூவரில் அவரும் ஒருவர்.)

அடுத்த கேள்விதான் முக்கியம், பல ஊர்களில் இதைக் கேட்காமலேயே உண்டியலைத் தூக்கிவிடுகிறார்கள்: அந்த இடத்தை 'வில்லேஜ் கிரீன்' (ஊர்ப் பொதுப் புல்வெளி) என்று பதிவு செய்ய முடியுமா என்று யாராவது பார்த்தார்களா? 2006-ஆம் ஆண்டின் காமன்ஸ் சட்டப்படி, சுற்றுவட்டார மக்களில் கணிசமானவர்கள் 20 வருடமாவது ஒரு நிலத்தில் விளையாடியோ பொழுதுபோக்கியோ வந்திருந்தால், அதைப் பதிவு செய்யக் கேட்கலாம். வேலியை உடைத்து நுழைந்திருக்கக் கூடாது, ஒளிந்து போயிருக்கக் கூடாது, அனுமதி வாங்கியும் போயிருக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். "ஐயா, பிள்ளைகள் விளையாடலாமா?" என்று பணிவாகக் கேட்டு அவரும் சரி என்றிருந்தால் வழக்கு பலவீனமாகிவிடும், கேட்காமல் தன்பாட்டுக்குப் போய் வந்தவர்களுக்குத்தான் இந்தச் சட்டம் கைகொடுக்கிறது. உங்கள் பதினோரு வருடம் மட்டும் போதாது, ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டியின் நாற்பது வருடமும், பழைய போட்டோக்களும், ஊர் விளையாட்டு விழா நோட்டீஸ்களும் சேர்ந்தால் கணக்கு வேறு.

பதிவாகிவிட்டால் 1857, 1876 ஆகிய ஆண்டுகளின் பழைய சட்டங்கள் துணைக்கு வரும், அங்கே கட்டடம் எழுப்ப முடியாது. நிலம் நிலத்துக்காரர் பெயரிலேயேதான் இருக்கும், ஆனால் வீட்டு மனை விலை போய்ப் புல்லின் விலைக்கு வந்துவிடும். அப்புறம் ஊர் வாங்குவதானாலும் அந்த விலைக்கே வாங்கலாம்.

இதில் ஒரு சிக்கல், நேரம். 2013-இல் கொண்டுவந்த திருத்தப்படி, கட்டட அனுமதிக்கான விண்ணப்பம் பொது அறிவிப்பாக வெளியானதுமே இந்தப் பதிவுக் கதவு மூடிக்கொள்கிறது, அந்த விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டாலோ, முழுதாக நிராகரிக்கப்பட்டாலோ, கிடைத்த அனுமதி காலாவதியானாலோதான் திறக்கும். நிலத்துக்காரர் முந்திக்கொண்டு கவுன்சிலில் ஓர் அறிக்கை தாக்கல் செய்தாலும் 20 வருடக் கணக்கு அங்கேயே நின்றுவிடும், அதன்பின் விண்ணப்பிக்க உங்களுக்கு ஒரே வருடம்தான். ஆகவே இந்த வாரமே கவுன்சிலில் விசாரிக்கச் சொல்லுங்கள். வசூல் ஒரு மாதம் தாமதமானால் குடிமுழுகிப் போகாது, இது தாமதமானால் போகும்.

அது நடக்காவிட்டால் 2011-இன் லோக்கலிசம் சட்டம் இருக்கிறது. பாரிஷ் கவுன்சிலோ (ஊர் மட்டத்து உள்ளாட்சி) உள்ளூர்க்காரர்கள் 21 பேராவது சேர்ந்த ஒரு குழுவோ அந்த இடத்தை 'ஊருக்குப் பயன்படும் சொத்து' என்று பட்டியலில் சேர்க்கச் சொல்லலாம். சேர்ந்துவிட்டால், விற்க நினைப்பவர் முதலில் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும், ஆறு வாரத்துக்குள் ஊர்க் குழு "வாங்க வருகிறவர்களில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிக் கொடுத்தால் மொத்தம் ஆறு மாத அவகாசம் கிடைக்கும். உங்களுக்கே விற்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, மூச்சு வாங்க நேரம் தருகிறது, அவ்வளவுதான்.

இதெல்லாம் பார்த்தாயிற்று, வாங்குவதுதான் வழி என்றால் தாராளமாகக் கொடுங்கள். பணம் ஒரு தனி ஆளின் கணக்கில் போகக் கூடாது, அவர் ஊரிலேயே தங்கமானவராக இருந்தாலும் சரி. பதிவு செய்த தர்ம ஸ்தாபனமாக இருந்தால், வரி கட்டுகிறவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 'கிஃப்ட் எய்ட்' வழியாக அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாக வாங்கலாம். 'கம்யூனிட்டி பெனிஃபிட் சொசைட்டி' (ஊர் நலனுக்கான சங்கம்) என்று அமைத்துப் பங்கு விற்பதும் உண்டு, அதில் பத்தாயிரம் போட்டவருக்கும் ஐம்பது போட்டவருக்கும் ஒரே ஓட்டுதான். இலக்கு எட்டாவிட்டால் பணம் திரும்புமா, வேறு புல்வெளிக்குப் போகுமா என்பதை நோட்டீஸிலேயே அச்சடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பணத்துக்குப் பதிலாக, "இலக்கில் பாதி சேர்ந்ததும் இவ்வளவு தருகிறேன்" என்று உறுதிச்சீட்டு மட்டும் எழுதிக் கொடுங்கள்.

வாங்கிய பிறகு புல் வெட்டுவது யார், மரக்கிளை விழுந்து ஒருவருக்கு அடிபட்டால் காப்பீடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். வசூல் உற்சாகத்தில் இது யாருக்கும் நினைவில் இருக்காது.

கேள்வி: பெரிய பணக்காரர் யாரும் இல்லாத ஊரில் இதெல்லாம் நடக்குமா?

பதில்: நடந்திருக்கிறது. 1902-இல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் பிராண்டல்ஹவ் என்ற ஏரிக்கரை நிலத்தை நேஷனல் டிரஸ்ட் 6,500 பவுண்டுக்கு வாங்கியது. அந்தப் பணம் பொதுமக்களிடமிருந்து வந்த நன்கொடை, அதில் தொழிலாளர்கள் அனுப்பிய சில்லறையும் உண்டு. ஸ்காட்லாந்தின் எய்க் தீவை 1997-இல் அங்கே குடியிருந்த மக்களே ஏறக்குறைய 15 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். அந்தத் தீவில் அப்போது நூறு பேர்கூட இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் கொடுத்த பெரிய தொகை இல்லாமல் அது நடந்திருக்காது. சின்ன நன்கொடைகள் ஆயிரக்கணக்கில் வந்ததைப் பார்த்துத்தான் பெரிய கைகளுக்கு நம்பிக்கை வரும் என்பது என் கணிப்பு.

கேள்வி: வீடு கிடைக்காமல் மக்கள் திண்டாடுகிறார்கள். இந்த நேரத்தில் புல்லைக் காப்பாற்றுவது வசதியானவர்களின் சுயநலம் இல்லையா?

பதில்: சில இடங்களில் அப்பட்டமான சுயநலம்தான். புல்வெளியைப் பார்த்த வீடுகளின் விலை குறையக் கூடாது என்பதற்காகவே சிலர் திடீரென்று பறவைகளை நேசிக்க ஆரம்பிப்பார்கள். நான் பார்க்கும் அடையாளம் ஒன்றுதான்: "இங்கே வேண்டாம், அந்தப் பழைய கிடங்கு இருந்த இடத்தில் கட்டுங்கள், வாடகை வீடும் கட்டுங்கள்" என்று அந்தக் குழு மாற்று இடம் சொல்கிறதா? சொன்னால் நம்பலாம். எங்குமே வேண்டாம் என்றால் என் பையிலிருந்து ஒரு பென்னிகூட வராது.

கேள்வி: நான் தமிழ்நாட்டில் ஒரு கிராமத்துக்காரன். எங்கள் ஊர் மேய்க்கால் புறம்போக்கில் ஒருவர் வேலி போட்டு மனை பிரிக்கிறார். வீட்டுக்கு ஐயாயிரம் போட்டு அவரிடமிருந்தே வாங்கிவிடலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

பதில்: உங்கள் வீட்டு மாட்டைத் திருடியவனிடம் விலை பேசுவீர்களா? 1994-இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி மேய்க்கால், களம், தோப்புப் புறம்போக்குகள் கிராம ஊராட்சியின் பொறுப்பில் உள்ளவை. விற்க அவருக்கு உரிமையே இல்லை, நீங்கள் காசு கொடுத்தால் அவர் சொந்தக்காரர் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தை மண் போட்டு நிரப்பி வீடு கட்டியவர்கள் வழக்கு அது. எவ்வளவு செலவு செய்து கட்டியிருந்தாலும் அது காரணமாகாது என்று சொல்லி, இப்படிப்பட்ட ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது. நிலமற்ற ஏழைகளுக்கு அரசு ஒதுக்கிய இடம் போன்றவற்றுக்கு அதில் விதிவிலக்கு உண்டு, மனை வியாபாரிக்குக் கிடையாது.

வசூல் செய்தே தீர வேண்டும் என்றால் நிலத்தை அளப்பதற்கும் வக்கீலுக்கும் செய்யுங்கள். அதற்கு முன் வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், அடுத்த கிராம சபையில் தீர்மானம் போட்டு நகல் வாங்குங்கள், தாசில்தாருக்கு மனு கொடுங்கள். ஆவணம் தர இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் பத்து ரூபாய். அதற்கு உண்டியல் தூக்க வேண்டாம், நீங்களே கட்டிவிடுங்கள்.