பத்துமலைப் படியில் பிசகிய கால்: வாசகர் கேள்வி-பதில்

லீவு முடிந்து ஊர் திரும்பியவர்களின் கடிதங்கள் இந்த முறை நிறைய. பாதிக்கு மேல் கால் சமாச்சாரம்தான்.

சிங்கப்பூரில் அடிபட்டால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும்? (உச்சிப்புளி)

995. மலேசியாவில் 999, இலங்கையில் 1990, துபாயில் 998, தாய்லாந்தில் 1669. நம்ம 108 அங்கே எடுபடாது. போனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். விழும்போது போனும் சேர்ந்துதான் விழும்.

துபாய் போகிறேன். முதுகு வலிக்கு டிரமடால் மாத்திரை சாப்பிடுகிறேன், ஒரு மாதத்துக்கு எடுத்துப் போகலாமா? (தொண்டி)

முன் அனுமதி வாங்காமல் எடுத்துப் போகவே கூடாது. அங்கே அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, கேஸ் ஆகிவிடும். கோடீன் கலந்த மாத்திரைக்கும் இதே கதைதான். உங்கள் டாக்டரிடம் வேறு மருந்து கேளுங்கள். பெரும்பாலான வலிக்கு பாரசிட்டமால் போதும், மருந்துச் சீட்டோடு பழைய அட்டையிலேயே வையுங்கள், பிரித்து டப்பாவில் போடாதீர்கள். அப்புறம், மகள் வீட்டுக்குக் குழம்புச் சாமான் கட்டும்போது கசகசாவை எடுத்துவிடுங்கள், அதற்கும் அங்கே தடை.

அம்மாவுக்கு 64 வயது. பத்துமலைப் படியில் இறங்கும்போது கால் பிசகி அன்றைக்கே வீங்கிவிட்டது. இரட்டைக் கோபுரமும் கெந்திங் மலையும் பாக்கி இருந்ததால் கட்டுப் போட்டுக்கொண்டு சமாளித்தார். வந்து மூன்று வாரமாகியும் வலி போகவில்லை. சுளுக்கு எடுக்கலாமா? (ராமேஸ்வரம்)

கூடவே கூடாது. நாளைக் காலையில் எக்ஸ்ரே எடுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

"சமாளித்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனசு ஆறவில்லை. 272 படி ஏறி இறங்கிய கால் அது, வீங்கிய பிறகும் இரண்டு நாள் நடந்திருக்கிறது. அம்மாக்கள் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். பிள்ளைகள் இவ்வளவு காசு போட்டுக் கூட்டி வந்திருக்கிறார்கள், நம்மால் கெட்டுப்போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே வருவார்கள். கீழக்கரையிலிருந்து ஒரு அம்மா வந்தார், கொழும்பு, கண்டி என்று நாலு நாள் சுற்றிவிட்டு. செருப்பைக் கழற்றச் சொன்னேன். வீக்கத்துக்குள் வார் அப்படியே பதிந்து கிடந்தது, விரல் வைத்தால் விரல் போகும் ஆழத்துக்கு. சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கிற பாத எலும்பு முறிந்திருந்தது. "கொஞ்சம் வலிதான் தம்பி" என்றார். முதல் நாளே உட்கார்ந்திருந்தால் சில வாரத்தில் நடந்திருப்பார், அவருக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆனது.

அதனால் அம்மா சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே சோதியுங்கள். அடிபட்ட காலை ஊன்றி நாலு எட்டு வைக்க முடியவில்லையா? கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கிற எலும்பின் பின் ஓரத்தையோ சுண்டுவிரல் பக்கத்து பாத எலும்பின் அடியையோ அழுத்தினால் துள்ளுகிறாரா? இரண்டில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே எக்ஸ்ரே. இல்லையென்றாலும் டூர் அன்றைக்கு அவருக்கு முடிந்தது. ஹோட்டலில் ஐஸ் கேளுங்கள், துணியில் சுற்றி கால் மணி நேரம், இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை. கால் நெஞ்சு மட்டத்துக்கு மேல் தலையணையில். கிரேப் பேண்டேஜ் சுற்றலாம், விரல் நீலமானாலோ மரத்துப்போனாலோ உடனே அவிழ்த்து விடுங்கள். எண்ணெய் போட்டு நீவக் கூடாது. அங்கேயும் கூடாது, ஊருக்கு வந்தும் கூடாது. மறுநாள் ஊர் பார்க்க ஆசையென்றால் சக்கர நாற்காலி கேளுங்கள், பெரிய மால்களில் தருவார்கள். சிங்கப்பூர் ரயில் நிலையங்களில் லிஃப்ட் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து கோபுரம் பார்ப்பதில் அவருக்கு என்ன குறை?

கொழும்பு பக்கத்துக் கல்கிசை கடற்கரையில் பாறை கிழித்து காலில் காயம். கடல் தண்ணீரே மருந்து என்று விட்டுவிட்டோம். இப்போது சீழ். (மண்டபம்)

கடலோரத்தில் பிறந்தவர் நீங்களே இப்படி எழுதலாமா? குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, மணலும் பாறைத் துணுக்கும் போக வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும். சர்க்கரை இருந்தால் இந்தப் பதிலை முழுதும் படிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பாங்காக்கில் கை முறிந்து ஆபரேஷன். பில் எதுவும் கையில் இல்லை. இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? (தேவிபட்டினம்)

பில் இல்லாமல் எப்படிக் கிடைக்கும்? எத்தனை முறை எழுதியிருக்கிறேன்: அட்மிட் ஆகும்போதே பாலிசியில் இருக்கிற 24 மணி நேர எண்ணுக்குப் பேசுங்கள், ஒரிஜினல் பில், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, சாலை விபத்தென்றால் போலீஸ் அறிக்கை, எல்லாம் வாங்காமல் ஆஸ்பத்திரி வாசல் தாண்டாதீர்கள். இப்போதைக்கு அந்த ஆஸ்பத்திரிக்கு மின்னஞ்சல் போட்டு நகல் கேளுங்கள். பாஸ்போர்ட் எண்ணும் தேதியும் சொன்னால் தேடிக் கொடுக்க வாய்ப்புண்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் இன்றே தகவல் கொடுங்கள்.

காலில் மாவுக்கட்டோடு விமானம் ஏறலாமா? (கீழக்கரை)

கட்டுப் போட்டு 48 மணி நேரமாவது ஆகட்டும். அதற்குள் ஏறியே ஆக வேண்டுமென்றால் கட்டை நீளவாக்கில் பிளந்து விடச் சொல்லுங்கள், உள்ளே கால் வீங்கி இறுகினால் ரத்த ஓட்டம் கெடும். சக்கர நாற்காலியை டிக்கெட்டோடு சேர்த்தே கேளுங்கள், விமான நிலையம் போய்க் கேட்காதீர்கள். மதுரையில் இறங்கினாலும் வீடு சேர இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் கார் இருக்கிறது, முன் சீட்டில் காலைத் தொங்கவிடாமல் பின் சீட்டில் நீட்டி உட்காருங்கள். வந்த பிறகு கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரி போங்கள். அந்த வீக்கத்தையும் நீவாதீர்கள்.