மே மாதம் பெரியவர்களோடு கொடைக்கானல் போகிறோம். ஏரி தெரிகிற ரூம் எடுக்கலாமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

உங்களோடு வருகிற பெரியவர்களில் ஒருவருக்காவது முட்டிவலி இருக்கும். இருக்கிறதென்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஹோட்டலுக்குப் போன் போட்டு "ஏரி தெரியுமா" என்று கேட்காதீர்கள். வண்டி ரூம் வாசல் வரைக்கும் வருமா, வராவிட்டால் எத்தனை படி, எவ்வளவு ஏற்றம் என்று கேளுங்கள்.

காரணம் ரொம்ப எளிது. கொடைக்கானல் ஏரி தானாக உண்டானதில்லை. மதுரையில் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரர் 1863-ல் ஓடையை மறித்துக் கட்டியது. ஓடை ஓடிய இடம் என்றால் பள்ளம்தானே? அந்தப் பள்ளத்தில் நட்சத்திரம் மாதிரி ஏரி விரிந்து கிடக்கிறது. சுற்றிவரும் ரோடு சுமார் 5 கிலோமீட்டர், நடக்க சுகமாக இருக்கும். அந்த ரோட்டை விட்டு விலகினால் பெரும்பாலும் மேடுதான். ஆகவே ஜன்னலில் ஏரி தெரிய வேண்டுமானால் ரூம் மேட்டில் இருக்க வேண்டும். ஏரிக்கரையை ஒட்டியே நல்ல இடங்கள் இருக்கின்றனவே என்று யாராவது கீழே எழுதுவீர்கள். இருக்கின்றன. மே மாத வாடகையையும் சேர்த்து எழுதுங்கள்.

எங்கள் வீட்டில் ரூம் போடுகிற பொறுப்பு கொழுந்தனாருடையது. போட்டோவில் ஏரியைப் பார்த்தார், பணத்தைக் கட்டிவிட்டார். போய் இறங்கினால் வண்டி கேட்டோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் வழுக்காமல் இருக்கக் கோடு கிழித்த சிமென்ட் சரிவு, ஓரமெல்லாம் பாசி. அத்தை, அதாவது என் மாமியார், பாதி வழியில் சூட்கேஸைச் சாய்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். ரூமில் இருந்து ஏரி தெரிந்தது, பொய் சொல்லக் கூடாது. இரண்டு யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு. மதியத்துக்கு மேல் மூடுபனி வந்து அதையும் மூடிக்கொண்டது. "ஏரியப் பாத்தாச்சு, சோறு எங்கடா?" என்றார் அத்தை தன் மகனிடம்.

சோறு வந்தது, ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்த பிறகு. மெனு கார்டு கல்யாண ஆல்பம் கனம். கேட்டதெல்லாம் ஒரே சிவப்பு மசாலாவில் வந்தது, சாதம் நடுவில் நறுக்கென்று இருந்தது. சமையல்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். அங்கே தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசியும் பருப்பும் வேக நேரம் பிடிக்கும். ராத்திரி நாலு டேபிள் மட்டும் ஓடுகிற ஹோட்டலில், நீங்கள் ஆர்டர் கொடுத்த பிறகு அடுப்பு பற்றவைத்தால் இப்படித்தான் ஆகும். கூட்டம் இருக்கிற இடத்தில் சாப்பிடச் சொல்வது அதனால்தான். அங்கே உலை இறங்க இறங்கச் சோறு தீரும்.

மறுநாள் காலையில் நானே கிளம்பிப் போய், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏழு ரோடு சந்திப்புக்குப் போகிற பக்கம் ஒரு சாதாரண லாட்ஜில் ரூம் பிடித்தேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர் டேங்க். ஆனால் வாசலும் ரோடும் ஒரே மட்டம், நாலு எட்டில் ஒரு மெஸ். அங்கே அடுப்பை ஒட்டி மாவுக் குண்டானைச் சாக்கு சுற்றி, அதன்மேல் பழைய கம்பளியும் போர்த்தி வைத்திருந்தார்கள். குளிரில் மாவு புளிக்காது. "இது நேத்து மத்தியானம் ஆட்டுனது, இன்னைக்கு ஆட்டுறது நாளைக்குத்தான்" என்றார் அந்த அம்மா. மலைப்பூண்டைத் தோலோடு நசுக்கிப் போட்ட ரசம். புவிசார் குறியீடு வாங்கிய அதே பூண்டுதான், வாசம் டேபிளுக்கு முன்னாலேயே வந்துவிடும். அத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். கொழுந்தனார் மட்டும் ஊர் திரும்பும் வரை "வியூ போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கொடைக்கானல் போயும் ரசம் சோறா, மோமோ கிடைக்குமே என்றால், சாப்பிடுங்கள், யார் வேண்டாமென்றது? திபெத்தியச் சாப்பாட்டுக் கடைகள் அங்கே நன்றாகவே இருக்கின்றன. என் மகள் ரெண்டு வேளையும் அதுதான். வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேளையாவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது வேண்டும் என்றுதான் சொல்கிறேன். எந்த லாட்ஜிடமும் கமிஷன் வாங்கி எழுதவில்லை, அதனால்தான் பெயர் போடவில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், நான் திண்டுக்கல்காரி. கொடைக்கானல் போகிற சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் எங்கள் வீடு வழியில் இருக்கிறது. "சும்மா எட்டிப் பாத்துட்டுப் போறோம்" என்று போன் வரும். வேன் வந்து நிற்கும். திண்டுக்கல் பிரியாணி வேண்டும் என்பார்கள், கடையில் வாங்கினால் "வீட்டுல செய்யலையா?" என்பார்கள். போகும்போது ஃபிளாஸ்க் ஒன்று, ஸ்வெட்டர் இரண்டு கடன். திரும்பும்போது உருகி ஒட்டிக்கொண்ட சாக்லேட் பொட்டலத்தைக் கையில் கொடுப்பார்கள், ஃபிளாஸ்க் வராது. நான் கொடைக்கானல் போகிறேன் என்றால் மட்டும் ஒருவரும் சாப்பிட வா என்று கூப்பிட்டதில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஏரிக்கு விடியற்காலையில் போங்கள். படகுக்கு வரிசை கட்டும் முன்னால், சைக்கிள் கூட்டம் வரும் முன்னால் பெரியவர்கள் நிம்மதியாக நடக்கலாம். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலைக்கு மேலே கொண்டுபோகக் கூடாது, வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், சொந்த வண்டி என்றால் இ-பாஸ் கட்டாயம், உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதைக் கிளம்பும் முன்பே வீட்டில் எடுத்துவிடுங்கள். செக்போஸ்ட்டில் வண்டியை ஓரங்கட்டி, சிக்னலுக்காகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன்.