ஒதுக்கிய கஜமும் வந்து இறங்கிய கஜமும்: எந்தக் கணக்கை எடுப்பது?

கேள்வி: முதுகலை வரலாற்று ஆய்வேட்டுக்காக, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன் தன் காலனிகளுக்குப் பருத்தித் துணி ஒதுக்கியதைப் பற்றி எழுதுகிறேன். எடுத்துக்கொண்ட இடம் கோல்டு கோஸ்ட், அதாவது இன்றைய கானா. லண்டன் கோப்புகளில் ஒரு கஜக்கணக்கு இருக்கிறது, காலனியின் சுங்கக் கணக்கில் வேறொன்று இருக்கிறது. எதை வைத்து எழுதுவது? 'போருக்குப் பிந்தைய பற்றாக்குறை' என்று காரணம் சொல்லி முடித்துவிடலாமா?

பதில்: இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒதுக்கீடு என்பது 'இவ்வளவு வரை அனுப்பலாம்' என்ற அனுமதி, அவ்வளவுதான். எந்த நாட்டை முன்னால் வைத்தார்கள், எதைப் பின்னால் தள்ளினார்கள் என்பதை அது காட்டும். துறைமுகத்தில் என்ன இறங்கியது என்பதைச் சுங்கம் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் உங்கள் ஆய்வேடு.

ஆனால் அந்த இடைவெளி நிஜமானதுதானா என்று முதலில் பார்த்துவிடுங்கள். கஜம் என்று போட்டிருந்தால் நீளக் கஜமா சதுரக் கஜமா? அகலத் துணியில் இரண்டும் ஒன்றாக வராது. அப்புறம் காலம். ஒதுக்கீடு சில மாதங்களுக்கு ஒருமுறை நடக்கும், சுங்கக் கணக்கு ஆண்டுக்கணக்கு. டிசம்பரில் லிவர்பூலில் ஏற்றிய பொதி பிரிட்டனின் ஏட்டில் இந்த ஆண்டிலும், கோல்டு கோஸ்ட்டின் தக்கோராடி துறைமுகத்தின் ஏட்டில் அடுத்த ஆண்டிலும் விழும். இதைச் சரிசெய்த பிறகும் மிஞ்சுவதற்குத்தான் காரணம் தேட வேண்டும்.

துணி குறைவு என்பது உண்மைதான், அதை யாரும் மறுக்க முடியாது. 1913-இல் சுமார் 700 கோடி கஜம் ஏற்றுமதி செய்த லங்காஷயர் (இங்கிலாந்தின் பருத்தி ஆலைப் பகுதி), போர் முடிந்தபோது அந்த நிழலில்கூட இல்லை. 1941-இல் அரசே பல ஆலைகளை மூடி, ஆட்களை ஆயுதத் தொழிலுக்கு மாற்றியது. போர் முடிந்து ஆலையைத் திறந்தார்கள், ஆனால் போன பெண்களில் பலர் தறிக்குத் திரும்பவில்லை. பிரிட்டனிலேயே 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை துணிக்கு ரேஷன் கூப்பன். முன்பு மலிவுத் துணி அனுப்பிக்கொண்டிருந்த ஜப்பானும் களத்தில் இல்லை.

இதோடு நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும். இருக்கிற துணி யாருக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தது டாலர். அமெரிக்கப் பஞ்சுக்கு டாலர் கொடுக்க வேண்டும், அமெரிக்காவிடம் வாங்கிய 375 கோடி டாலர் கடன் வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது, 1947 ஜூலை 15-இல் பவுண்டை டாலராக மாற்றலாம் என்று திறந்துவிட்டு ஆகஸ்ட் 20-இல் மூடும்படி ஆனது. அப்படிப்பட்ட நேரத்தில் டாலர் தரும் சந்தைக்கு முதலில், பவுண்டிலேயே கொடுக்கல் வாங்கல் நடக்கும் காலனிக்கு அப்புறம் என்றுதான் லண்டன் கணக்குப் போடும். எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான்: கோல்டு கோஸ்ட் விவசாயியின் கோகோ அமெரிக்காவுக்குப் போய் டாலர் சம்பாதித்தது. அந்த டாலர் லண்டனின் பொதுப் பெட்டிக்குள் போனது, காலனியின் பெயரில் பவுண்டு வரவு எழுதப்பட்டது. அந்த வரவைக் கொண்டுபோய்த் துணி கேட்டால் துணி இல்லை. டாலர் சம்பாதித்துக் கொடுத்தவரே வரிசையின் கடைசியில் நின்றார். இதை வெறும் 'பற்றாக்குறை' என்று எழுதினால் அவருக்குச் செய்யும் அநியாயம்.

சரி, வந்து இறங்கிய துணி யார் கைக்குப் போனது? இறக்குமதி உரிமங்களைப் பழைய வியாபார அளவை வைத்துப் பிரித்தார்கள். போருக்கு முன் யார் எவ்வளவு இறக்கினார்களோ அதே விகிதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் போருக்கு முன் பெரும்பகுதியை இறக்கியது யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனி போன்ற ஐரோப்பிய நிறுவனங்கள், ஆகவே அவர்களின் பிடி அப்படியே உறைந்து நின்றது, புதிதாக வர நினைத்த ஆப்பிரிக்க வியாபாரிக்குக் கதவு திறக்கவில்லை. கீழே வந்தால் பாஸ்புக் முறை. கம்பெனியிடம் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளருக்குத்தான் அரிதான சரக்கு, மற்றவர்கள் அவர்களிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டும். துணி வேண்டுமென்றால் விற்காத வேறு பொருளையும் சேர்த்து எடு என்ற நிபந்தனை விற்பனையும் உண்டு. நம் ரேஷன் கடையில் அரிசியோடு உப்புப் பொட்டலத்தையும் தலையில் கட்டியதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

இந்தக் கோபம் எங்கே போய் நின்றது என்பதை உங்கள் ஆய்வேட்டில் கட்டாயம் கொண்டுவாருங்கள். அக்ராவின் ஓசு பகுதித் தலைவர்களில் ஒருவரான நீ குவாபெனா போன்னே 1948 ஜனவரி பிற்பகுதியில் இறக்குமதித் துணி முதலிய சரக்குகளை வாங்காதீர்கள் என்று புறக்கணிப்பைத் தொடங்கினார். ஒரு மாதம் நடந்தது. கம்பெனிகள் மொத்த லாப விகிதத்தை 75 சதவீதத்திலிருந்து 50-க்குக் குறைக்க ஒப்புக்கொண்டன, பிப்ரவரி 28-இல் புறக்கணிப்பு முடிந்தது. விலையே பெரிதாக இறங்கும் என்று நம்பிக் கடைக்குப் போனவர்களுக்கு ஏமாற்றம். அதே நாளில் ஆளுநர் மாளிகையை நோக்கி ஊர்வலம் போன முன்னாள் படைவீரர்கள் மீது போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள், நகரம் பற்றி எரிந்தது, கம்பெனிக் கடைகள் சூறையாடப்பட்டன. இந்தக் கலவரத்தை விசாரிக்கப் பிறகு வந்த வாட்சன் குழுவின் அறிக்கையைக் கஜக்கணக்குப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், எண்கள் வேறு மாதிரி தெரியும்.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. கஜக்கணக்கு எந்தத் துணி என்று சொல்லாது. அந்தக் கரையில் பெண்கள் கேட்டது குறிப்பிட்ட அச்சும் நிறமும் கொண்ட மெழுகு அச்சுத் துணி, அதில் பேர்போன ஹாலந்தின் ஹெல்மண்ட் நகரமோ போரில் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. வேறு துணி பத்தாயிரம் கஜம் வந்தாலும் அது அந்த இடத்தை நிரப்பாது. இன்னொன்று, பிரிட்டனின் ஏற்றுமதியை மட்டும் வைத்து 'துணி இவ்வளவுதான் வந்தது' என்று எழுதிவிடாதீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வேறு வழிகளும் இருந்தன. அதே மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியாவின் கலாபாரி மக்கள் உயிராக மதிக்கும் கட்டம்போட்ட கைத்தறித் துணி, 'மெட்ராஸ் கைக்குட்டை' என்ற பெயரில் நம் பக்கத்திலிருந்து போன துணிதான். ஆகவே காலனியின் சுங்க ஏட்டில் 'எந்த நாட்டிலிருந்து' என்ற பத்தியைத் தனியாக எடுத்துக் கூட்டுங்கள்.

கோப்புகளுக்கு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் காலனி அலுவலகக் கோப்புகளான சிஓ 96 (கோல்டு கோஸ்ட்), சிஓ 852 (காலனிகளின் பொருளாதாரம்) வரிசைகளில் தொடங்குங்கள். பட்டியல் போடும்போது கேட்டது, ஒதுக்கியது, இறங்கியது, சந்தையில் விற்ற விலை என்று நான்கு பத்திகள் வையுங்கள். நான்காவது பத்திக்குத்தான் அதிகம் அலைய வேண்டியிருக்கும், அதற்கு அக்ரா ஆவணக் காப்பகத்தையும் அன்றைய உள்ளூர்ப் பத்திரிகைகளையும் விடாமல் துருவுங்கள்.