பார்த்துக்கொண்டே இருந்தால் எழுத வருமா?

கேள்வி: கல்லூரி நாட்களில் கதை எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது புதுச்சேரியில் வேலை. போக வர பஸ்ஸிலும், வீட்டுக்கு வந்த பிறகும் போன்தான். ஆனால் நல்ல படம், நல்ல தொடர்தான் பார்க்கிறேன். பார்ப்பதும் பயிற்சிதானே? பிறகு ஏன் நோட்டைத் திறந்தால் ஒரு வரிகூட வருவதில்லை?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: பயிற்சி இல்லை சகோதரி. நல்லதைப் பார்த்தால் ரசனை வளரும், கை பழகாது. ரசனை மட்டும் ஏறிக்கொண்டே போனால் நீங்கள் எழுதும் முதல் வரியே உங்களுக்குப் பிடிக்காது. அடித்துவிட்டு மறுபடி போனை எடுப்பீர்கள். இப்போது நடப்பது அதுதான்.

கனடாவில் ஒரு சிற்றூர். பள்ளத்தாக்கில் இருந்ததால் 1973 வரை அங்கே டிவி எடுக்கவில்லை. டானிஸ் மேக்பெத் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர், டிவி வருவதற்கு முன் அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் ஒரு சாதாரணப் பொருளைச் சொல்லி, இதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று கேட்டுப் பார்த்தார். டிவி இருந்த ஊர்ப் பிள்ளைகளைவிட இவர்கள் நிறையச் சொன்னார்கள். டிவி வந்து 2 வருஷம் கழித்துக் கேட்டபோது அந்த வித்தியாசம் போய்விட்டிருந்தது.

என் அக்கா முத்தியால்பேட்டையில் இருக்கிறார். போன மார்கழியில் வாசலில் 15 புள்ளி, 8 வரை இடைப்புள்ளி வைத்தார். நடுவில் ஒரு புள்ளி தள்ளி விழுந்துவிட்டது. அழிக்கவில்லை. கோலமாவு டப்பாவை இடுக்கிக்கொண்டு, குனிந்தபடியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தாமரை இதழாக வரவேண்டிய கோட்டை வளைத்து வாத்தின் கழுத்தாக்கிவிட்டார். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் போட்டிருந்தால் கோலம் இன்னும் சுத்தமாக வந்திருக்கும். அந்த வாத்து வந்திருக்காது.

அவர் குனிந்து நின்றாரே, அந்தக் கொஞ்ச நேரம்தான் உங்களிடம் இல்லை. ஒரு காட்சி மனதில் ஊறுவதற்குள் அடுத்த பாகம் தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது.

படத்தை விடச் சொல்லவில்லை, பஸ்ஸை மட்டும் எனக்குக் கொடுங்கள். ஆல்பேட்டை தாண்டினால் அரியாங்குப்பம் வரை போன் பைக்குள் இருக்கட்டும். முதல் வாரம் தாங்காது, தூக்கம்தான் வரும். இருக்கட்டும். பெண்ணையாற்றுப் பாலத்தில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, கன்னியகோயிலில் இறங்குகிறவர் கடைசிப் படியில் நின்று யாரிடம் என்ன சொல்லிவிட்டு இறங்குகிறார் என்று பாருங்கள். இரவு சாப்பிட்டதும் அதை ஒரு பக்கம் எழுதுங்கள், படம் அதற்குப் பிறகு. எழுதியதை ஒரு மாதத்துக்கு அடிக்காதீர்கள். 10 பக்கம் சேர்ந்ததும், மோசமாக இருந்தாலும், அப்படியே எனக்கு அனுப்பிவையுங்கள். நானே படித்துவிட்டுப் பதில் போடுகிறேன்.