வாடகைக்கு விட்ட வீடும் விடாத கவலையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: செங்கோட்டையில் அப்பா விட்டுச் சென்ற ஓட்டு வீட்டை மாதம் 6,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டு, 60,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். குடியிருந்தவர்கள் ஆனி கடைசியில் திடீரென்று காலி செய்துவிட்டார்கள். சுவரில் உப்புப் பூத்திருக்கிறது, இரண்டு குழாய்கள் ஒழுகுகின்றன, கரண்ட் பில்லும் பாக்கி. அட்வான்ஸ் பணம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போய்விட்டது. இந்தச் செலவுகளை அதில் கழித்துக்கொள்ளலாமா?
– வாசகி, செங்கோட்டை

பதில்: சிலவற்றைக் கழிக்கலாம், சுவரைக் கழிக்க முடியாது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், எந்தப் பழுது யார் பொறுப்பு என்று ஒரு பட்டியலே தந்திருக்கிறது. வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, குழாய்த் தடங்களை மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரரின் கடமை. குழாயும் அதன் வாஷரும், சுவிட்சு, தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவரின் பொறுப்பு. ஆகவே ஒழுகும் குழாய்களுக்கு ஆன செலவை ரசீதுடன் கழித்துக்கொள்ளுங்கள்.

சுவரின் கதை வேறு. ஆரியங்காவுக் கணவாயின் வாசலில் இருக்கும் உங்கள் ஊரில் ஆனி, ஆடி முழுக்கச் சாரல் அடிக்கிறது, ஐப்பசியில் அடைமழையும் வருகிறது. பழைய சுண்ணாம்புச் சுவர் முழுவதுமாகக் காய்வதற்குள் அடுத்த ஈரம் ஏறிவிடுகிறது. அதற்குக் குடியிருந்தவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. அதைவிட எனக்குக் கவலை தருவது இனி வரும் நாட்கள்தான். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால், ஆனியில் காலியான வீடு சாரல் மிகுந்த அந்த ஒரு மாதமும் பூட்டியே கிடக்கும். பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீட்டில் பூஞ்சணமும் கரையானும் சேர்வதற்கு அந்த ஒரு மாதமே போதும். தினமும் ஒரு வேளையாவது ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், ஓடு நகர்ந்திருக்கிறதா என்று ஆள் விட்டுப் பாருங்கள்.

கரண்ட் பில்லில் ஒரு சிக்கல் உண்டு. மீட்டரை இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கெடுக்கிறார்கள். யூனிட் கூடக் கூடக் கட்டண விகிதமும் ஏறுகிறது. இடையில் காலி செய்தவர் எவ்வளவு தர வேண்டும் என்பது, அவர் வெளியேறிய நாளின் மீட்டர் அளவு கையில் இருந்தால்தான் தெரியும். அடுத்த முறை, சாவியை வாங்கும்போதே மீட்டரைப் படம் எடுத்து, அளவை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இப்போதைக்கு அவர்களை அழைத்துப் பேசி, முந்தைய பில்களை வைத்து ஒரு தொகைக்கு உடன்படுவதே நல்லது.

மீதிப் பணத்தை எப்படியாவது புரட்டி, அவர்கள் காலி செய்த ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள், சட்டம் தரும் அவகாசம் அவ்வளவுதான். பத்து மாத அட்வான்ஸ் நம் பக்கத்து வழக்கமாக இருந்தாலும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்றே சட்டம் சொல்கிறது. அதில் எனக்கும் முழு உடன்பாடு உண்டு. பெரிய அட்வான்ஸ் வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் அது நம் வீட்டுச் செலவில் கரைந்து, திருப்பிக் கேட்கும் நாளில் கடனாக எழுந்து நிற்கிறது. அடுத்து வருபவரிடம் 18,000 ரூபாய் மட்டும் வாங்கி, அதைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

கேள்வி: எனக்குக் கேரளத்தில் உள்ள புனலூரில் ஒரு வீடு இருக்கிறது. குடியிருப்பவர் நான்கு மாதமாக வாடகை தரவில்லை. வேறு பூட்டைப் போட்டு, தண்ணீரை நிறுத்தினால் தானாகப் போய்விடுவார் என்று மைத்துனர் சொல்கிறார். நான் தென்காசியில் இருப்பதால் இங்கேயே வழக்குப் போடலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: தயவுசெய்து பூட்டிலும் தண்ணீரிலும் கை வைக்காதீர்கள். எல்லைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் அது சட்டத்துக்குப் புறம்பானது. அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம், அதன் பிறகு அவர் பக்கம் போய்விடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தண்ணீரை நிறுத்துவதை எந்தப் பாக்கியாலும் நியாயப்படுத்த முடியாது.

நீங்கள் எங்கே குடியிருந்தாலும், கட்டடம் நிற்கும் மண்ணின் சட்டம்தான் செல்லும். புனலூர் வீட்டுக்குக் கேரளத்தின் 1965ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அதன்படி, பாக்கியைக் குறிப்பிட்டு முதலில் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் பாக்கியையும் ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையும் தபால் செலவையும் அவர் தராவிட்டால்தான், அங்குள்ள வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் மனுப் போடலாம். புனலூரிலேயே ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, அறிவிப்பை மலையாளத்தில் அனுப்புவது நல்லது. அதற்கு முன்பு ஒரு முறை நேரில் போய், ஏன் நின்றது என்று கேளுங்கள். நான்கு மாத நிலுவைக்குப் பின்னால் வேலை இழப்போ மருத்துவச் செலவோ இருக்கக்கூடும்.

கேள்வி: வாடகை ஒப்பந்தத்தைப் பதினொரு மாதத்துக்கு மட்டும் எழுதினால் பதிவு தேவையில்லை என்கிறார்களே, சரியா?
– வாசகர், புளியரை

பதில்: ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து வந்த பழக்கம் அது. ஆனால் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் கீழ், காலம் எதுவானாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்.